இரத்தம் உறையாமை: கத்னாவுக்கு முன் பெற்றோர் அறிய வேண்டியவை

கையில் கத்தி பட்டால் சில நிமிடங்களில் இரத்தம் தானாக நின்றுவிடுகிறது. முதலில் இரத்தக் குழாய் சுருங்குகிறது. அடுத்து தட்டணுக்கள் காயத்தை அடைக்கின்றன. பிறகு உறைவுக் காரணிகள் எனும் புரதங்கள் ஒன்றையொன்று தூண்டி, ஃபைப்ரின் என்ற நார்களைப் பின்னி அந்த அடைப்பை உறுதியாக்குகின்றன. இவற்றில் ஒன்று குறைந்தாலும் இரத்தம் எளிதில் நிற்காது.

ஹீமோபிலியா

எட்டாம் காரணி குறைந்தால் ஹீமோபிலியா ஏ. ஒன்பதாம் காரணி குறைந்தால் பி. ஏ வகை சுமார் 5000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது. பெரும்பாலும் தாய் வழியாகவே மகனுக்கு வரும். தாய்க்கு அறிகுறி எதுவும் இல்லாமலும் இருக்கலாம். எனவே தாய்மாமன், பெரியம்மா, சாச்சியின் ஆண் பிள்ளைகள் ஆகியோரைப் பற்றி விசாரிக்க வேண்டும். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்குக் குடும்பத்தில் முன்பு யாருக்கும் இல்லாமலும் வருகிறது.

வான் வில்லிபிராண்ட் குறைபாடு ஆண், பெண் இருவருக்கும் வரும். பெண்பிள்ளைகளின் மிதமிஞ்சிய மாதவிடாயை ‘சூடு’ என்று விட்டுவிடாதீர்கள்.

முன்னோர் கண்டது

கி.பி. 1013-இல் மறைந்த குர்துபாவின் அறுவை மருத்துவ மேதை அஸ்ஸஹ்ராவி, ஓர் ஊரின் ஆண்கள் சிறு காயத்திலேயே இரத்தம் நிற்காமல் இறந்ததைத் தம் ‘அத்தஸ்ரீஃப்’ நூலில் பதிவு செய்துள்ளார். ஹீமோபிலியா பற்றிய பழைமையான குறிப்புகளுள் இதுவும் ஒன்று.

கத்னாவும் எச்சரிக்கையும்

பல குழந்தைகளுக்கு இந்நோய் முதலில் தெரியவருவதே கத்னாவின்போதுதான். தவழும் வயதில் காரணமின்றி நீலத் தழும்பு, மூட்டு வீக்கம், பல் விழுந்த இடத்தில் நிற்காத இரத்தம் ஆகியவை இருந்தால் முதலில் பரிசோதனை செய்யுங்கள். சாதாரண ஆய்வகங்களில் பார்க்கும் இரத்தக் கசிவு நேரம், உறைவு நேரம் மட்டும் போதாது. குறைபாடு லேசாக இருந்தால் அவை சரியாகவே காட்டக்கூடும். ஏபிடிடி பரிசோதனையும், தேவையானால் காரணி அளவும் பார்க்க வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் கத்னாவைத் தள்ளிப்போட மார்க்க அறிஞர்கள் அனுமதித்தே உள்ளனர். ‘ஊர் என்ன சொல்லும்’ என்று அஞ்சத் தேவையில்லை.

சிகிச்சை

குறையும் காரணியை நரம்பு ஊசியாகச் செலுத்துவதே முக்கிய சிகிச்சை. தமிழக அரசு மருத்துவமனைகள் வழியாக இது இலவசமாகக் கிடைக்கிறது. பரங்கிப்பேட்டை, லால்பேட்டை, நெல்லிக்குப்பம் பகுதியினர் கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலோ, சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ விசாரிக்கலாம். ஆஸ்பிரின், தசை ஊசி இரண்டையும் தவிர்க்க வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் ஹீமோபிலியா இடம்பெற்றுள்ளது.

நோயை மறைத்தால் பெண்பிள்ளைக்கு நல்ல சம்பந்தம் கிடைக்கும் என்று சிலர் எண்ணுகின்றனர். நாம் சொல்வது: மறைத்த செய்தியின் விலையைப் பிறக்கும் பேரப்பிள்ளை தன் இரத்தத்தால் கொடுக்க நேரிடும்.