லைன் எப்படி லயம் ஆனது?

'லைன் கட் ஆயிருச்சு' என்றால் தொலைபேசி. 'லைன்ல வாங்க' என்றால் வரிசை. 'அவன் லைன் போடுறான்' என்றால் அது வேற கதை. கோச்சி போற பாதையும் லைன், கொப்பியில் கிடக்கிற கோடும் லைன். இத்தனைக்கும் மூலம் 'லினும்' என்ற இலத்தீன் சொல். ஆளிச் செடி என்று பொருள். அந்த நாரில் திரித்த நூல் 'லினியா'. நூல் கோடாகி, கோடு வரிசையாகி, எல்லையாகி இப்படிப் பெருகிவிட்டது.

அந்த நூலின் ஒரு நுனி நம்ம மலையகத்தில் வீடாகி நிற்குது.

பிரித்தானிய இராணுவத்தில் சிப்பாய்களின் வரிசைக் குடியிருப்புக்குப் பெயர் 'லைன்ஸ்'. இலங்கையில் கோப்பித் தோட்டம் தொடங்கியவர்களில் இராணுவக்காரர்களும் இருந்தார்கள். வாட்டர்லூ போரில் நின்ற ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸே கன்னொருவையில் கோப்பி பயிரிட்டவர்தான். காலையில் ஆள் கணக்கெடுக்கிற 'பிரட்டு' கூட 'பரேட்' என்ற சொல்லின் மருவல்தான். ஆக, வேலைக்குக் கூப்பிட்ட சொல்லும் படுக்க விட்ட சொல்லும் பட்டாளத்துச் சொற்கள்.

ஒரே கூரை, பொதுச் சுவர், ஏறக்குறைய 10 அடிக்கு 12 அடி காம்பிரா. (காம்பிரா போர்த்துக்கீசர் விட்டுப்போனது.) சனங்களின் வாயில் லைன் 'லயன்' ஆகி 'லயம்' ஆனது. மேட்டு லயம், பணிய லயம் என்று பெயரும் வைத்தார்கள். சங்கீதத்தில் வருகிற லயத்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்க. கொழுந்து பறிக்க ஆளுக்கு ஒதுக்குகிற தேயிலை வரிசைக்கு மலையகத்தில் 'நிரை' என்று பேர். நிரை நல்ல தமிழ்ச் சொல், அர்த்தம் அதே லைன். பகலெல்லாம் நிரையில் நின்றவர் பொழுதுபட்டால் லயத்துக்குத் திரும்புகிறார். தோட்டத்தின் கணக்கில் அவர் எப்போதும் ஒரு வரிசையில்தான்.

இது வெறும் சொல் ஆராய்ச்சி இல்லை. லயத்தில் தலைமுறைகளாக இருந்தாலும் காம்பிரா தோட்டத்துக்குத்தான் சொந்தம். கடிதங்கள் வீட்டு வாசலுக்கு வராமல் தோட்டக் கந்தோருக்குப் போய்ச் சேர்ந்தன. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு, சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவழிக்கத் தடையாக இருந்தது. அதைத் திருத்த 2018 வரை ஆனது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது மண்ணுக்குள் போனதும் லயங்கள்தான்.

இப்போது சில இடங்களில் தனிவீடுகள் எழும்புது, 7 பேர்ச் காணி என்ற பேச்சும் நடக்குது. அதைப் பற்றிப் பேசும்போது பெயரை மட்டும் பார்க்காதீங்க. லயம் என்ற சொல்லை எடுத்துவிட்டு 'கிராமம்' என்று பலகை நட்டுவது லேசான வேலை. அந்தக் கதவில் இலக்கம் இருக்கா, காணி உறுதி யார் பெயரில் இருக்கு என்று முதலில் கேளுங்க.