தரிசு அலைகளை உழுதவர்கள்

மணிமேகலைக் காப்பியத்தில் ஆபுத்திரன் கதை வருகிறது. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியைக் கையில் ஏந்தியவன் அவன். சாவகம் செல்லும் கப்பலில் ஏறுகிறான். காற்றின் சீற்றத்தால் கப்பல் மணிபல்லவத்தில் ஒதுங்குகிறது. அவன் கரையிறங்கிய வேளையில், ஏறிவிட்டான் என்று எண்ணிக் கப்பல் போய்விடுகிறது. ஊருக்கெல்லாம் சோறிடும் பாத்திரம் கையில் இருந்தும், போகும் கப்பலைக் கூவி நிறுத்தும் குரல் அவனிடம் இல்லை. பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாதிருந்து உயிர் துறக்கிறான். அந்த மணிபல்லவமே இன்றைய நயினாதீவு என்பர் ஆய்வாளர் சிலர்.

அக்கூற்று மெய்யோ அன்றோ, தீவில் வாழ்பவனுக்கு அக்கதையின் பொருள் நன்கு விளங்கும். குறிகட்டுவான் துறையிலிருந்து படகேறித்தான் நயினாதீவுக்குப் போகவேண்டும். கடல் கொந்தளித்தால் படகில்லை. அப்பொழுது அக்கரைக்கு எட்டும் குரல் ஒன்றே துணை. அந்தக் குரல் யாருடைய கையில் இருக்கிறது? கைத்தொலைபேசி வந்துவிட்ட இக்காலத்திலும் இக்கேள்வி ஓயவில்லை. கோபுரத்துக்கு மின்சாரம் நின்றால் அதுவும் ஊமைதான். கேட்கவும் பேசவும் வல்ல வானொலிக் கருவியைத் தன் கையாலேயே கட்டிக்கொண்ட சாமானியனின் வரலாறு இக்கேள்விக்கு ஒரு விடை தருகிறது.

அவ்வரலாறு ஒரு தரிசு நிலத்தில் தொடங்குகிறது. 1912 இல் அமெரிக்க அரசு இயற்றிய வானொலிச் சட்டம், நீண்ட அலைகளைக் கடற்படைக்கும் கம்பனிகளுக்கும் அளித்தது. 200 மீற்றரும் அதற்குக் குறைந்தனவுமான அலைகள் தொலைவுக்கு உதவாதவை என்று அறிஞர்கள் கருதியிருந்தனர். ஆகவே அவை, ஊதியம் கருதாது ஆர்வத்தால் வானொலி பயின்ற அமெச்சூர்களுக்கு விடப்பட்டன. அவர்கள் அத்தரிசை உழுதார்கள். 1923 நவம்பரில், ஏறத்தாழ 110 மீற்றர் அலையில், அமெரிக்க அமெச்சூர்களும் பிரான்சு நாட்டு அமெச்சூர் ஒருவரும் அத்திலாந்திக் கடலுக்கு மேலாக மோர்ஸ் குறியீட்டில் உரையாடினர். உதவாக்கரை என்று தள்ளப்பட்ட சிற்றலை உலகைச் சுற்றி வரவல்லது என்பது அதன்பின் துலங்கிற்று. தரிசில் பயிர் விளைந்ததும் நிலப்பிரபு வந்து எல்லைக்கல் நாட்டுவது வழக்கமல்லவா? அரசுகளும் கம்பனிகளும் சிற்றலையில் இடம் பிடித்தன. உழுதவனுக்கு எஞ்சியவை சில கீற்றுகளே.

அதே 1923 இல் கொழும்பிலும் ஒரு சோதனை நடந்தது. தந்தித் திணைக்களத்தின் தலைமைப் பொறியியலாளர் எட்வேட் ஹாப்பர், மத்திய தந்தி அலுவலகத்தின் சிற்றறை ஒன்றிலிருந்து இசைத்தட்டுப் பாடல்களை ஒலிபரப்பினார். முதலாம் உலகப்போரில் கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் வானொலிப் பாகங்களைக் கொண்டு கட்டிய கருவி அது. கொலைத்தொழிலுக்குச் செய்த பொருளைப் பிரித்து, மாற்றி, பாட்டுக்கு ஆக்கினார்கள். 1925 டிசம்பர் 16 அன்று முறையான ஒலிபரப்பு தொடங்கிற்று. இலங்கை வானொலியின் பிறப்பே ஒரு திருத்தியமைத்த கருவியில் என்பதை நாம் மறந்துவிடலாகாது. ஆனால் நிலையம் வளர்ந்தபின் பேசும் வாய் கொழும்பில் நின்றது. மக்களுக்கு எஞ்சியது கேட்கும் காது.

அந்தக் காதையும் காக்க நேர்ந்த காலம் ஒன்று வந்தது. 1990 முதல் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடைப் பட்டியலில் பற்றரியும் இருந்தது. மக்கள் துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுழற்றி, அதன் டைனமோவில் வானொலி கேட்டனர். டைனமோ தருவது ஆடலோட்டம். வானொலி வேண்டுவது நேரோட்டம். இடையே டயோட்டும் கொள்ளளவியும் வைத்தாலன்றி இரைச்சல் அடங்காது. பாடப்புத்தகத்தில் தூங்கிய அந்த உண்மை ஒவ்வொரு முற்றத்திலும் விழித்துக்கொண்டது. ஒருவர் சுழற்ற, ஊரே சுற்றியிருந்து செய்தி கேட்டது. ஆயினும் அதுவும் கேட்டலே. பேசுதல் அன்று.

பேசுதலின் பயனை 2004 டிசம்பர் 26 உணர்த்திற்று. கடல்கோள் தொலைபேசியை அடித்துச் சென்றபின், அம்பாந்தோட்டையிலிருந்து கொழும்பிலுள்ள பிரதமர் அலுவலகம் வரை பற்றரியில் இயங்கிய சிற்றலைக் கருவிகளால் செய்தி கொண்டுசென்றவர்கள் அமெச்சூர்களே. அந்தமானில் நெடுங்காலம் மறுக்கப்பட்டிருந்த அனுமதியைப் பெற்று அம்மாதம் போட்பிளேயரில் இயங்கிக்கொண்டிருந்த பாரதி பிரசாத்தின் குழு, அன்று முதல் உயிர்காக்கும் தொடர்பாயிற்று.

ஆனால் இத்தகைய கருவியின் விலை சாமானியனுக்கு எட்டுமா? ஐதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் 2000களின் முற்பகுதியில் வடிவமைத்த ‘பிட்எக்ஸ்’ இதற்கு மறுமொழி கூறிற்று. ஒரே மின்சுற்று கேட்கும்போது ஒரு திசையிலும் பேசும்போது மறுதிசையிலும் இயங்கும். மேல்நாட்டு நூல்கள் கேட்கும் பாகங்கள் நம் கடைகளில் இல்லை. ஆகவே சாதாரண ட்ரான்சிஸ்டர்களையும், தொலைக்காட்சி ஏரியலுக்குரிய ஃபெரைட் துண்டையும், தண்ணீர்க் குழாயின் நைலோன் வாசரையும் அவர் எடுத்துக்கொண்டார். வாசரில் செப்புக்கம்பி சுற்றினால் அது சுருளாயிற்று. ஏரியலுக்கு ஆற்றல் தரும் கடைசிப் பாகம், மின்வழங்கிகளில் ஆளியாகப் பயன்படும் மலிவான ட்ரான்சிஸ்டர். கிடைக்கும் ஆற்றல் ஆறு வாற்று அளவு. வரைபடத்தை அவர் பூட்டிவைக்கவில்லை, எல்லோருக்கும் விரித்துவைத்தார்.

கட்டி முடித்த கருவி உடனே பேசிவிடாது. பிழை காணும் முறை ஒன்று உண்டு. ஒலிபெருக்கியில் தொடங்கிப் பின்னோக்கி நடக்க வேண்டும். ஒலிக்கட்டுப்பாட்டின் நடுமுனையைத் திருப்புளியால் தொட்டால் முரலொலி எழுகிறதா? எழுந்தால் ஒலிப்பகுதி நலம். அடுத்து அலையியற்றி. அது பிறப்பிக்கும் அலையை அருகிலுள்ள சிற்றலை வானொலியில் கேட்கலாம். கேட்காவிடில் குற்றம் அங்கே. பேசும் பகுதியைச் சோதிக்கையில் ஏரியலைக் கழற்றி, அதற்கு ஈடாக 50 ஓம் தடையைப் பூட்டவேண்டும். வாய்திறவாத போதும் மின்னோட்டம் ஏறினால், கருவி தனக்குத்தானே அலறுகிறது என்று பொருள். வெளிச்செல்லும் கம்பியை உள்வரும் கம்பியிலிருந்து விலக்க வேண்டும். அலைவரிசை நழுவினால் சூடே காரணம். சுருளை மெழுகிட்டு நிறுத்தி, வெப்பத்திலிருந்து அகற்ற வேண்டும்.

மாற்றியமைப்பதும் அவ்வாறே. முதல் வடிவம் 14 மெகாஹேட்ஸ் அலைவரிசைக்குரியது. பகலில் தீவிலிருந்து கொழும்புவரை பேச 7 உகந்தது. உட்சுற்றின் 10 உடன் அலையியற்றியின் 4 ஐக் கூட்டினால் 14. 10 இல் 3 ஐக் கழித்தால் 7. எனவே அலையியற்றியை 3 க்கு இறக்கி, வடிகட்டிகளையும் மாற்ற வேண்டும். வெளிவாயில் வடிகட்டியை மறந்தால் பிறர் அலைகளில் நம் இரைச்சல் புகும். ஏரியலுக்கு ஏறத்தாழ 20 மீற்றர் செப்புக்கம்பி போதும். கட்ட இரண்டு பனைகள் நயினாதீவில் கிடையாதா? ஆனால் உப்புக்காற்று இணைப்புகளில் பச்சைக் களிம்பேற்றும். கருவி நலமாயிருக்க ஏரியல் ஊமையாகும். இணைப்பை ஈயமிட்டு மூடிவைக்க வேண்டும்.

இவையெல்லாம் வெறும் கைவினை நுணுக்கங்கள் அல்ல. விலைக்கு வாங்கிய பெட்டி பழுதானால் அதை விற்றவனுடைய வாசலில் காத்துநிற்கிறோம். நாம் கட்டிய பெட்டி பழுதானால் நம் அறிவின் வாசலையே தட்டுகிறோம். திறந்து, பிழை கண்டு, மாற்றத் தெரிந்தவனே கருவிக்கு உடையவன், ஏனையோர் வாடிக்கையாளர்.

இதற்குச் சட்டத்தின் வழியும் இருக்கிறது. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு நடத்தும் தேர்வில் தேறியோர் உரிமம் பெறலாம். உரிமமின்றி அலைபரப்புதல் குற்றம். ஆனால் தேர்வுக்குரிய அறிவு தீவுப் பிள்ளைக்கு எட்டுகிறதா? பௌதிகவியல் ஆசிரியர்கள் இதைச் சிந்திக்க வேண்டும். கரும்பலகையில் வரைந்து அழிக்கும் அலையியற்றியை ஒருமுறை மாணவர் கையால் கட்டச் செய்யுங்கள். பிழை காணும் முறையைத் தமிழில் எழுதிக் கொடுங்கள்.

ஆபுத்திரனின் கையில் ஊருக்கு வேண்டிய சோறு இருந்தது. கப்பலை அழைக்கக் குரல்தான் இருக்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கும் பாகங்கள் இன்று கடைத்தெருவில் கிடைக்கின்றன. அவற்றைக் கோக்கும் கைகளை ஆக்குவது பள்ளிக்கூடத்தின் கடன்.