திரவப்படிகத் திரை: கணினி மானிட்டரும் தொலைக்காட்சிப் பெட்டியும்

எல்.சி.டி. எனப்படும் திரவப்படிகத் திரையையுடைய கணினி மானிட்டரும் தொலைக்காட்சிப் பெட்டியும் ஒரே தத்துவத்தால் இயங்கும் சாதனங்கள். 1888-இல் ஆஸ்திரியத் தாவரவியல் அறிஞர் பிரீட்ரிக் ரைனிட்சரால் முதன்முதலில் விவரிக்கப்பட்ட திரவப்படிக நிலை இவ்விரண்டிற்கும் ஆதாரமாகும். இரு கண்ணாடித் தகடுகளுக்கிடையே நிரப்பப்பட்ட படிகம் மின்னழுத்தத்திற்கேற்பத் தன் மூலக்கூறுகளின் திசையை மாற்றிக்கொள்ள, பின்னாலிருந்து வரும் விளக்கொளி கூடியும் குறைந்தும் வண்ண வடிகட்டிகளைக் கடந்து பிம்பமாகிறது. ஆயினும் ஒன்று கையெட்டும் தூரத்தில் அமர்ந்து எழுத்தை வாசிப்பவருக்கும், மற்றொன்று கூடத்தின் எதிர்ப்புறத்தில் அமர்ந்து காட்சியைக் காணும் குடும்பத்தாருக்கும் உரியவையாதலின், அமைப்பில் அவை வேறுபடுகின்றன.

முதல் வித்தியாசம் புள்ளி நெருக்கம். 1920 × 1080 புள்ளிகளை 24 அங்குல மானிட்டரில் அமைத்தால் அங்குலத்திற்குச் சுமார் 92 புள்ளிகளும், 40 அங்குலத் தொலைக்காட்சியில் அமைத்தால் சுமார் 55 புள்ளிகளுமே அமையும். தூரத்திலிருந்து நோக்குங்கால் புலப்படாத இவ்விடைவெளி, மேஜையருகே எழுத்தின் விளிம்பைப் படிக்கட்டுப்போலக் காட்டிவிடும்.

அதனினும் பிரதானமானது சமிக்ஞையை ஏற்கும் முறை. மானிட்டர் கணினி அனுப்பும் ஒவ்வொரு புள்ளியையும் கூடியவரை அவ்வாறே காட்ட முயல்கிறது. தொலைக்காட்சியோ வந்த படத்தைத் திருத்தி அழகுபடுத்துகிறது. இரைச்சலை நீக்குதல், அசைவைச் சீராக்குதல் முதலிய இக்காரியங்களுக்குக் காலம் பிடிப்பதால், சுட்டெலியின் அசைவைத் திரை சற்றுத் தாமதித்தே பின்பற்றும். கதிர்க்குழாய்ப் பெட்டிகளில் படத்தின் ஒழுங்கற்ற ஓரங்களை மறைக்கும் பொருட்டுப் படத்தைச் சிறிது பெரிதாக்கிக் காட்டிய வழக்கம் புதிய பெட்டிகள் பலவற்றிலும் தொடர்வதால், கணினித் திரையின் ஓரத்துப் பட்டை மறைந்துபோதலும் உண்டு. ஒளிபரப்பில் நான்கு புள்ளிகளுக்கு ஒரு நிறத்தகவலே அனுப்பப்படுவது வழக்கம். கணினியின் சமிக்ஞையையும் தொலைக்காட்சி அவ்வாறே சுருக்கிக் கையாண்டால், நீலப் பின்னணியில் எழுதிய சிவப்பு எழுத்து மங்கிவிடும். கருமை முதல் வெண்மை வரையுள்ள படிகளைக் கணினி 0 முதல் 255 வரையும், ஒளிபரப்பு 16 முதல் 235 வரையும் வகுப்பதால், இவை பொருந்தாவிடில் கருமை வெளிறும், அல்லது நிழற்பகுதிகள் இருளில் அமிழும்.

அலைவரிசைகளை ஏற்கும் டியூனர், ஒலிபெருக்கி, ரிமோட் ஆகியன தொலைக்காட்சிக்கு உரியவை. உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் தாங்கியும், கணினி உறங்குகையில் தானும் உறங்கும் வசதியும் மானிட்டரில் மிகுதி.

3840 × 2160 புள்ளிகளையுடைய 40 அங்குலத் தொலைக்காட்சியில் அங்குலத்திற்குச் சுமார் 110 புள்ளிகள் அமைவதால், நெருக்கத்தால் விளைந்த பேதம் நீங்கிவிட்டது. படத்தைத் திருத்தும் செயல்களை நிறுத்தி, நிறத்தகவலை முழுமையாக ஏற்கும் வசதியும் உள்ளதாயின், அது மானிட்டராகவும் உபயோகப்படும்.