சீரியம் குளோரைடு

சீரியமும் குளோரினும் 1:3 விகிதத்தில் சேர்ந்த உப்பு. நீரற்ற நிலையில் வெண்ணிறத் திண்மம். உருகுநிலை 817° செ. காற்றின் ஈரத்தை விரைவாக உறிஞ்சுவதால் பெரும்பாலும் ஏழு நீர் மூலக்கூறுகள் கொண்ட ஹைட்ரேட்டாகவே விற்கப்படுகிறது. அந்த நீரை அகற்றுவதுதான் கடினம். வெறுமனே சூடேற்றினால் நீராற்பகுப்பு நேர்ந்து ஆக்சிகுளோரைடு கலந்துவிடும். ஆகவே வெற்றிடத்தில் மெதுவாகவோ, அம்மோனியம் குளோரைடு சேர்த்தோ சூடாக்குவர்.

கரிம வேதியியலில் இதற்குப் புகழ் தந்தது லூஷ் ஒடுக்கம். 1978-இல் பிரெஞ்சு வேதியியலாளர் ழான்-லூயி லூஷ், மெத்தனாலில் சோடியம் போரோஹைட்ரைடுடன் இதைச் சேர்த்து, நிறைவுறாக் கீட்டோன்களின் கார்பன் இரட்டைப் பிணைப்பைத் தொடாமல் கார்பனைல் தொகுதியை மட்டும் ஆல்ககாலாக மாற்றும் வழியை வெளியிட்டார். இதற்கு ஹைட்ரேட்டே போதும் என்பது பெரிய வசதி. நீரற்ற உப்போ கிரிக்னார்டு வினைகளில் பக்கவினைகளைக் குறைக்கிறது. சீரியத்தின் முதன்மைத் தாதுக்களுள் ஒன்றான மோனசைட், கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கிறது.