சேலம் சிறையில் 1950: உரிமைக்கு நின்றவர்களை எப்படிக் கௌரவிப்பது?

1950 பிப்ரவரி 11 அன்று சேலம் அஸ்தம்பட்டியில் உள்ள மத்திய சிறைக்குள் கம்யூனிஸ்ட் கைதிகள்மீது துப்பாக்கிச்சூடு நடந்தது. 22 பேர் இறந்தார்கள். இந்தியா குடியரசாகி அப்போது 16 நாள்தான் ஆகியிருந்தது.

இடதுசாரிக் கட்சிகள் அந்த நாளை இன்றும் நினைவுகூர்கின்றன. பொதுநினைவிலோ தேதியும் எண்ணிக்கையும்தான் எஞ்சியிருக்கின்றன. உழைப்பவர் உரிமைக்காக நின்றவர்களுக்கு மரியாதை செய்வதில் முதல் வேலை, அவர்கள் எதைக் கேட்டார்கள் என்பதைப் பதிவு செய்வதே. அது இல்லாத மாலை, கொன்றவர்களுக்கும் சங்கடம் தராத மாலை.

இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் மலபார் விவசாயிகள். மலபார் அன்று சென்னை மாநிலத்தின் ஒரு மாவட்டம். அதனால்தான் கண்ணூர்ப் பக்கத்து மலையடிவாரக் குடியானவர் சேலத்துச் சிறைக்கு வந்து சேர்ந்தார். அப்பகுதியின் காவும்பாயி என்ற ஊரை எடுத்துக்கொள்ளலாம். காட்டுச் சரிவைத் திருத்திப் பயிரிடும் 'புனம்' சாகுபடிக்கு அங்கே ஜன்மி எனப்பட்ட நிலவுடைமையாளர் இடம் தரவில்லை. கேட்டு எழுந்த விவசாயிகள்மீது 1946 டிசம்பர் 30 அன்று போலீஸ் சுட்டதில் ஐந்து பேர் மாண்டார்கள். அந்தப் போராட்டத்தில் சிறைப்பட்ட தளியன் ராமன் நம்பியாரும் ஓ.பி. அனந்தன் மாஸ்டரும் சேலத்தில் குண்டுக்கு இரையானார்கள். நம்பியாரின் மகன் ஈ.கே. நாராயணன் நம்பியாரும் அப்போது அதே சிறையில்தான் இருந்தார். தகப்பனை அங்கே பறிகொடுத்த அவர் உயிர் தப்பி, 2022 வரை வாழ்ந்து சாட்சி சொன்னார். இவர்களோடு தமிழகத்தின் காவேரி முதலியாரும் ஆறுமுகமும், ஆந்திரத்தின் ஷேக் தாவூதும் இறந்தார்கள். மூன்று மொழி பேசும் எளிய மனிதர்கள் ஒரே கொட்டடியில் கேட்டது ஒன்றுதான்: தங்களைச் சாதாரணக் குற்றவாளிகளாக அல்ல, அரசியல் கைதிகளாக நடத்த வேண்டும்.

இதற்கு மறுப்பு உண்டு. கைதிகள் தாக்கியதாலேயே சுட நேர்ந்தது என்பது அரசுத் தரப்பு. 1948 கல்கத்தா மாநாட்டுக்குப் பின் கம்யூனிஸ்ட் கட்சி ஆயுதக் கிளர்ச்சிப் பாதையை ஏற்றிருந்தது என்பதும் மறைக்கக்கூடாத உண்மை. ஆயினும் வெளியே கட்சி எடுத்த நிலைப்பாடு, பூட்டிய மதிலுக்குள் இருப்பவரின் உயிரைக் காக்கும் பொறுப்பிலிருந்து அரசை விடுவிக்காது. மதிலும் பூட்டும் துப்பாக்கியும் அரசின் கையில் இருந்தன. அங்கே விழுந்த 22 பிணங்களுக்கு அரசே பதில் சொல்லக் கடமைப்பட்டது.

அடுத்து நடந்ததைச் சட்டம் படிப்போர் நன்கறிவர். துப்பாக்கிச்சூட்டுக்குப் பதினெட்டாம் நாள், மார்ச் 1 அன்று, ரமேஷ் தாப்பரின் 'கிராஸ் ரோட்ஸ்' என்ற இடதுசாரி இதழ் சென்னை மாநிலத்துக்குள் வரத் தடை பிறந்தது. மே 26 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. பேச்சுரிமை பற்றிய அதன் முதல் தீர்ப்புகளில் அது ஒன்று. அதற்கு ஒரு வாரம் முன்பு, தடுப்புக்காவலை எதிர்த்து மலபார்த் தலைவர் ஏ.கே. கோபாலன் தொடுத்த வழக்கு தோற்றிருந்தது. இரண்டு வழக்கிலும் எதிர்த்தரப்பு சென்னை அரசே. சட்டக் கல்லூரிகளில் இந்த இரு தீர்ப்புகளும் பாடம். அதே மாதங்களில் அதே அரசின் சிறையில் இறந்தவர்கள் பாடத்தில் இல்லை.

உழைப்பவர் உரிமைக்காக நின்று உயிரிழப்பது பழங்கதையும் அல்ல. நாமக்கல் மாவட்டத்துப் பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிகளில் முன்பணம் வாங்கிய தொழிலாளி கடன் தீரும்வரை முதலாளியை விட்டு நகர முடியாத நிலையைத் தொழிற்சங்கங்கள் பல்லாண்டுகளாக எதிர்த்து வருகின்றன. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இலும், கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-இலும் வந்துவிட்டன. அதன் பிறகும், 2010 மார்ச்சில், கந்துவட்டியை எதிர்த்து நின்ற மார்க்சிஸ்ட் கட்சி ஊழியர் வேலுச்சாமி பள்ளிபாளையத்தில் கொல்லப்பட்டார்.

எனவே ஆய்வாளர்களிடமும் அரசிடமும் கேட்க வேண்டியது இதுதான். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் சேலம் சிறை குறித்து இருக்கும் அரசுக் குறிப்புகளையும், உயிர் தப்பியவர்களின் வாய்மொழிகளையும் ஒரே தொகுதியாக, தமிழிலும் மலையாளத்திலும் பதிப்பியுங்கள். 22 பெயர்களோடு அவரவர் ஊரும், தொழிலும், கேட்ட கோரிக்கையும் அதில் இடம்பெறட்டும்.