மலக்குகளால் மறுக்க முடியுமா?

ஈமானின் கடமைகள் ஆறு என்பதை மத்ரஸாவில் ஓதிய எந்தப் பிள்ளையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கும். அவற்றுள் இரண்டாவது மலக்குமார்களை (வானவர்களை) நம்புவது. ஆறாவது களா கத்ரை (இறைவிதியை) நம்புவது. இந்த ஆறும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாயிலிருந்து வெளிப்படக் காரணமாக இருந்தவரே ஒரு மலக்குதான். பயணத்தின் சுவடு துளியும் படியாத வெள்ளாடையில், யாரும் அறியாத மனிதராக வந்து முன்னால் அமர்ந்து கேள்வி கேட்டார் ஜிப்ரயீல் (அலை). ஸஹீஹ் முஸ்லிமில் உமர் (ரலி) அறிவிக்கும் செய்தி இது. அந்த இரண்டாவதையும் ஆறாவதையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு வினா எழுகிறது: இறைவனுக்கு மாறு செய்யும் ஆற்றல் மலக்குகளுக்கு உண்டா?

கிடையாது என்பதே நாம் கேட்டு வளர்ந்த பதில். ஒளியால் ஆனவர்கள், ஊணில்லை, உறக்கமில்லை, ஏவியதைச் செய்வார்கள். தஹ்ரீம் அத்தியாயத்தின் 6ஆம் வசனத்தை இதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். ஆனால் அந்த வசனம் மாறு செய்ய மாட்டார்கள் என்கிறதே தவிர, மாறு செய்ய இயலாது என்று சொல்லவில்லை.

இந்த இடைவெளியை இமாம் ஃபக்ருத்தீன் ராஸி (இறப்பு 1210) தம் பெரிய தஃப்ஸீரில், ஆதமின் படைப்பைப் பேசும் பகரா 30ஆம் வசனத்தின் கீழ் அலசுகிறார். மலக்குகள் நன்மையே உருவானவர்கள், தீமைக்கான ஆற்றலே அற்றவர்கள் என்றனர் தத்துவவாதிகளில் பெரும்பாலோர். மனிதனுக்கே சுயவிருப்பம் இல்லை எனும் ஜப்ரிய்யாக்கள் பலரும் அப்படியே சொன்னார்கள். முஃதஸிலாக்களில் பெரும்பாலோரும் சட்ட அறிஞர்கள் பலரும் நன்மை, தீமை இரண்டுக்கும் ஆற்றல் உண்டு என்றனர். அவர்களின் வாதம் இது: தன்னையே இறைவன் என்று சொல்லும் மலக்குக்கு நரகம் என அன்பியா 29ஆம் வசனம் எச்சரிக்கிறது. செய்யவே முடியாதவரை எதற்கு எச்சரிக்க வேண்டும்? பெருமையடிக்க முடியாதவரைப் பெருமையடிக்காததற்காகக் குர்ஆன் புகழ்வதில் என்ன பொருள்? இந்த இரண்டாவது வாதத்துக்கு வலுவான மறுப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆதமுக்குச் சிரம்பணிய மறுத்த இப்லீஸை வைத்து இந்தக் கேள்வியைத் தீர்த்துவிட முடியாது. அவன் ஜின் இனத்தவன் என்று கஹ்ஃபு 50ஆம் வசனம் கூறுகிறது. இமைப்பொழுதும் அவன் மலக்காக இருந்ததில்லை என்பது ஹஸன் பஸரியின் கருத்து. மலக்குகளிலேயே ஜின் எனப்பட்ட ஒரு கூட்டத்தைச் சேர்ந்தவன் என்று இப்னு அப்பாஸ் (ரலி) வழியாக வரும் செய்தியையோ தபரி பதிவு செய்திருக்கிறார்.

பாபில் நகரத்து ஹாரூத், மாரூத் கதை இன்னும் சுவையானது. மனிதர்களின் பாவத்தைக் கண்டு மலக்குகள் ஏளனம் செய்ய, அவர்களில் இருவர் இச்சை கொடுக்கப்பட்டுப் பூமிக்கு அனுப்பப்பட்டார்களாம். ஸுஹ்ரா என்ற பெண்ணிடம் மயங்கி, மதுவருந்தி, கொலையும் செய்தார்களாம். ராஸி இதை ஏற்கவில்லை. இஸ்ராயீலிய்யாத் (இஸ்ரவேலர் மரபுக் கதைகள்) வழி வந்தது என்றார் இப்னு கஸீர். கதை தள்ளத்தக்கதே. ஆனாலும் அதைக் கட்டியவர் கலாம் (இறையியல் தர்க்கம்) படித்த மூளைக்காரராகத்தான் இருக்க வேண்டும்: இச்சை வந்தால் மலக்கும் சறுக்கும் என்பதைத் தர்க்கம் பேசாமலே சொல்லிவிட்டாரே!

விந்தை என்னவென்றால், மனிதனின் செயல்சுதந்திரத்துக்காக வரிந்து கட்டிய முஃதஸிலாக்களே நபிமார்களைவிட மலக்குகளை உயர்த்தினார்கள். ஸமக்ஷரி (இறப்பு 1144) இதில் மிகத் தீவிரம். இது முரண்போலத் தெரியும். ஆனால் விரும்பியே வணங்கும் மலக்கு, யுகம் யுகமாகச் சோராமல் வணங்குகிறது என்றால் அதன் தகுதி கூடத்தானே செய்யும்? செயலைப் படைப்பவன் இறைவன், மனிதனுக்கு உள்ளது 'கஸ்பு' (அதை ஈட்டிக்கொள்வது) மட்டுமே என்ற அஷ்அரிகளோ, பெரும்பாலும் நபிமார்களையே மேலே வைத்தார்கள். ஆசையும் கோபமும் இழுக்க இழுக்கக் கீழ்ப்படிவது கடினம் என்பது அவர்கள் காட்டிய காரணம். மாதுரீதி வழியில் நஸஃபி (இறப்பு 1142) எழுதிய அகீதா, படிநிலையே வகுத்தது: மனிதத் தூதர்கள், அவர்களுக்குக் கீழே மலக்குத் தூதர்கள், பிறகு பொதுமக்கள், கடைசியில் பொது மலக்குகள். இதற்குத் தஃப்தாஸானி எழுதிய உரை தர்ஸே நிஜாமி பாடத்திட்டத்தில் இடம்பெற்று, இன்றும் ஓதப்படுகிறது. ஆனால் அஷ்அரிகளிலேயே தலையாயவரான காழி அபூபக்ர் பாகில்லானி (இறப்பு 1013) இந்த ஒரு விஷயத்தில் மலக்குகளின் பக்கமே நின்றார்.