கருந்திரையில் பதுளை

1987இல் ஐபிஎம் கொண்டுவந்த விஜிஏ அட்டை, எழுத்து மட்டுமே காட்டும் கருந்திரைக்கு 256 வடிவங்கள்தான் கொடுத்தது. எழுத்தின் நிறங்களை 16இலிருந்து 8ஆகக் குறைத்தால் 512. தமிழில் 247தானே, தாராளமாகக் கொள்ளுமே என்று நமக்குத் தோன்றும். கொள்ளும்தான். ஆனால் ஒரு கட்டத்தின் அகலம் எட்டுப் புள்ளி, மிஞ்சினால் ஒன்பது. அதுக்குள்ள 'ணௌ'வை எப்படி அடைப்பது?

இன்னொன்று, ஐகாரம். யூனிகோட்டில் 'ள' முதலில், குறி பிறகு. லினக்ஸ் கன்சோலில் தமிழ் எழுத்துருவை ஏற்றினாலும் வந்த வரிசையிலேயே போடும். குறியைத் தூக்கி முன்னால் வைக்கத் தெரியாது. எங்கள் ஊவாவுக்கு இது பெரிய அடி: பதுளை, பசறை, லுணுகலை, பண்டாரவளை, அப்புத்தளை, எல்லாமே ஐகாரத்தில் முடிகிற ஊர்கள்! அந்தத் திரையில் ஊர்ப்பெயரைத் தட்ட இன்றும் ஆங்கில எழுத்துத்தான். அப்படித் தட்டினால் வருவது பதுளை இல்லை, 'பதுல்ல'.